திசைகாட்டி இல்லாத துப்பாக்கி: ஒரு விளம்பரமும் அது வளர்த்த நினைவும்

1983-ல் வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், 1940-ஐ ஒட்டிய காலத்து இண்டியானா மாநிலச் சிறுவன் ஒருவன், கிறிஸ்துமஸ் பரிசாக ரெட் ரைடர் என்னும் காற்றுத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மா, ஆசிரியை, கடைசியில் கடையில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா என எல்லோரும் கண்ணைக் கெடுத்துக்கொள்வாய் என்று சொல்லி மறுத்துவிடுகிறார்கள். அவன் கேட்கும் துப்பாக்கியின் பிடிக்கட்டையில் ஒரு திசைகாட்டியும், நிழலைக் கொண்டு நேரம் சொல்லும் சூரியக் கடிகாரமும் பதிந்திருக்கின்றன. படத்தின் மூலக்கதைகளை எழுதியவரும், வளர்ந்துவிட்ட அந்தச் சிறுவனின் குரலாகப் பின்னணியில் பேசியவருமான ஜீன் ஷெப்பர்டு, அந்தத் துப்பாக்கியை அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்.

டெய்சி நிறுவனம் 1940-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரெட் ரைடரில் திசைகாட்டியும் கிடையாது, சூரியக் கடிகாரமும் கிடையாது. அவை இருந்தது அதே நிறுவனம் 1934-ல் வெளியிட்ட வேறொரு துப்பாக்கியில். அக்காலத்துக் குதிரைவீரப் படங்களின் நாயகன் பக் ஜோன்ஸின் பெயரைத் தாங்கி அது விற்கப்பட்டது. இரண்டு துப்பாக்கிகளின் விளம்பரங்கள் சில ஆண்டுகள் முன்பின்னாக ஒரே தலைமுறைச் சிறுவர்களின் கண்ணில் பட்டு, நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. படப்பிடிப்புக்காக டெய்சி நிறுவனம் அந்த நினைவில் இருந்தபடியே சில துப்பாக்கிகளைத் தனியாகச் செய்துகொடுத்தது. பிறகு அதே வடிவத்தைக் குறைந்த எண்ணிக்கையில் கடைகளிலும் விற்றது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது இந்த நிகழ்வைத்தான். பழைய துப்பாக்கி விளம்பரங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களும், தகரப் பலகையில் அவற்றின் நகலை வாங்குகிறவர்களும் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுடைய ஏக்கத்தை நான் பொய் என்று கருதவில்லை. சிறுவயதில் பெரியவர்கள் தன்னை நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுத்த நாளை யாரும் மறப்பதில்லை. அதை எண்ணி ஏங்குவதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்த நினைவின் எந்தப் பகுதி வாழ்க்கையிலிருந்து வந்தது, எந்தப் பகுதி அச்சடித்த பக்கத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லாத ஒரு திசைகாட்டி நினைவுக்குள் இடம்பிடித்துவிட்டது என்றால், நடந்த வேறு பல விஷயங்கள் அந்த நினைவிலிருந்து விடுபட்டிருக்கவும் கூடும்.

காற்றாலைக்கு இனாம்

மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் 1882-ல் தொடங்கப்பட்ட பிளிமத் அயர்ன் விண்ட்மில் கம்பெனி, பண்ணைகளில் நீர் இறைக்கும் இரும்புக் காற்றாலைகளைச் செய்துவந்தது. 1880களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் உலோகத்தாலான காற்றுத் துப்பாக்கி ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினார். நிறுவனத்தை நடத்திவந்த லூயிஸ் காஸ் ஹஃப் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டு ‘இது டெய்சி’ என்று வியந்ததாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்நாளைய பேச்சுவழக்கில் டெய்சி என்றால் அருமையான சாமான் என்று பொருள். பெயர் நிலைத்துவிட்டது. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு முதலில் இனாமாகத் தரப்பட்ட துப்பாக்கி, பிறகு காற்றாலையையே பின்னுக்குத் தள்ளியது; 1895-ல் நிறுவனம் தன் பெயரை டெய்சி மேனுஃபாக்சரிங் கம்பெனி என்று மாற்றிக்கொண்டது.

இந்தத் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுப்பவர் அப்பா, பொருள் போய்ச் சேர்வது மகனிடம். அடுத்த நூறு ஆண்டு விளம்பரங்களும் இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியிருந்தது.

துப்பாக்கி என்று இங்கே சொல்வதில் வெடிமருந்து கிடையாது. நெம்புகோலை இழுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். விசையை அழுத்தியதும் வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ள, அது காற்றை அமுக்க, அந்தக் காற்று 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள குண்டை வெளியே தள்ளுகிறது. மெரினா கடற்கரையில் பலூன் சுடக் கொடுக்கும் துப்பாக்கிக்கும் இது பங்காளி முறைதான். ஆரம்பத்தில் ஈயக் குண்டுகள் இருந்தன; பின்னர் எஃகுக் குண்டுகள் வந்தன. நம் ஊர் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று சொல்கிற அதே மாதிரி உருண்டைகள் அவை. ரெட் ரைடரிலிருந்து குண்டு நொடிக்கு ஏறத்தாழ 350 அடி வேகத்தில் கிளம்புகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில், சுட்டவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், செம்புப் பூச்சுள்ள அந்தக் குண்டு மின்னிக்கொண்டு வளைந்து போய் விழுவது கண்ணுக்கே தெரியும். துப்பாக்கியைச் சாய்த்தால் உள்ளே நிரப்பிய குண்டுகள் மணல்போல் சரசரக்கும். இடப்பக்கத்தில் குதிரைச் சேணத்தில் மாட்டுவதற்கான வளையம் ஒன்றும், அதிலிருந்து தொங்கும் தோல்வாரும் இருக்கும். மரக்கட்டையில் படக்கதை நாயகன் ரெட் ரைடரின் உருவமும் பெயரும் சூட்டுமுத்திரைபோல் பதிந்திருக்கும். எந்த நகரத்துச் சிறுவனுக்கும் மாட்டக் குதிரை கிடையாது. ஆனாலும் அந்தத் தோல்வாரைத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் முதலில் தேடிப் பார்க்கிறார்கள்; அது இல்லாவிட்டால் குறை என்கிறார்கள்.

பக்கம் யாரிடம் பேசியது

டெய்சிக்கு முன்னும் அருகிலும் இருந்த விளம்பரங்களையும் பார்த்தால்தான் அதன் தனித்தன்மை விளங்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிட்ச்பர்க் ஊரிலிருந்த ஐவர் ஜான்சன் நிறுவனம் 1904-ல் வெளியிட்ட கைத்துப்பாக்கி விளம்பரம் ஒன்று, இவ்வகைப் பழைய படங்களில் மிக அதிகமாக மறுபதிப்பு ஆகிற ஒன்று. இரவு உடையில் ஒரு சிறுமி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய பொம்மை கிடக்கிறது. அவள் கையில் இருப்பது உண்மையான ரிவால்வர். இது எங்களை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொல்கிறார் என்பது அவள் பேசுவதாக அச்சிட்டிருக்கும் வாசகம். விசையை விரலால் முழுமையாக அழுத்தினால் மட்டுமே சுடும், கீழே விழுந்தாலும் சுத்தியலில் அடிபட்டாலும் வெடிக்காது என்பதுதான் விற்பனைக் கருத்து. இயந்திர அமைப்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் அந்த விசையின் மேல் அந்தச் சிறுமியின் விரல் போகாது என்று இயந்திரம் எப்படி உறுதி கூறும் என்னும் கேள்வியைப் படம் எழவிடவில்லை. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1901-ல், குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி சுடப்பட்டது அதே நிறுவனத்தின் .32 (அங்குலக் கணக்கில் தோட்டாவின் விட்டம்) ரிவால்வரால்தான்.

வின்செஸ்டர் நிறுவனம் வேறு வழியில் போனது. 1917-ல் அது சிறுவர் சிறுமியருக்காக வின்செஸ்டர் ஜூனியர் ரைஃபிள் கோர் என்னும் அமைப்பைத் தொடங்கி, குறிபார்த்துச் சுடுவதற்குப் பதக்கங்கள் வழங்கியது. 1920களின் நடுவில் அதன் பொறுப்பைத் தேசிய ரைஃபிள் சங்கம் ஏற்றுக்கொண்டது. சிக்கோப்பி ஃபால்ஸ் ஊரின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் ‘லிட்டில் ஸ்கவுட்’, ‘கிராக் ஷாட்’ எனச் சிறுவருக்குப் பிடிக்கிற பெயர்களை வைத்து .22 துப்பாக்கிகளை விற்றது. இவை எல்லாவற்றிலும் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: உங்கள் மகனை ஆண்மகனாக ஆக்குவதற்கு இது உதவும்.

டெய்சி இந்தச் சேதியை அப்பாவிடம் நேராகச் சொல்லாமல், மகனையே தூது அனுப்பியது. இதுதான் அந்த நிறுவனத்தின் தேர்ச்சி என்று நினைக்கிறேன். ஃபிரெட் ஹார்மன் வரைந்த ரெட் ரைடர் படக்கதை 1938-ன் இறுதியில் செய்தித்தாள்களில் வரத் தொடங்கியது. சிவப்புத் தலைமுடி கொண்ட மாட்டுப்பண்ணை வீரன் நாயகன். லிட்டில் பீவர் என்னும் நவஹோ இனச் சிறுவன் துணை. 1940-ல் துப்பாக்கி வந்த பிறகு, படக்கதைப் புத்தகங்களின் பின்னட்டையில் அதே ரெட் ரைடர், அதே கோடுகளில், அதே வண்ணங்களில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வாசகனிடம் பேசத் தொடங்கினான். கதை எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே ஆரம்பித்தது என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பக்கத்தின் மூலையில் புள்ளிக்கோடு போட்ட கூப்பன் இருக்கும். நறுக்கி, பெயரும் முகவரியும் எழுதி அனுப்ப வேண்டும். கையில் காசில்லாத பையன்களுக்கும் வழி இருந்தது. விதைப் பொட்டலங்களையும் களிம்பு டப்பாக்களையும் வீடு வீடாகப் போய் விற்றுக்கொடுத்தால் டெய்சி துப்பாக்கி பரிசு என்று வேறு நிறுவனங்கள் அதே புத்தகங்களில் விளம்பரம் செய்தன.

போர் குறுக்கே வந்தது. உலோகம் படைத்தேவைகளுக்குப் போனதால் 1942-ல் காற்றுத் துப்பாக்கி உற்பத்தி நின்றது. ஆக, இன்று எல்லோரும் நினைத்துப் பார்க்கிற போருக்கு முந்தைய ரெட் ரைடரின் ஆயுள் இரண்டு, மூன்று கிறிஸ்துமஸ்களுக்குமேல் இல்லை. போர்க் காலத்தில் கடைக்குப் போன சிறுவனுக்குத் துப்பாக்கி கிடைத்திருக்காது. கிடைக்காத பொருள் நினைவில் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது, ஏதாவது ஒன்றுக்காகக் காத்திருந்த எவருக்கும் தெரியும்.

1958-ல் நிறுவனம் ஆர்கன்சா மாநிலத்தின் ரோஜர்ஸ் நகருக்கு இடம் மாறியது. இன்று அங்கே அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. 1970களில் ரெட் ரைடரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு வைத்த மாதிரி எண் 1938. துப்பாக்கி பிறந்தது 1940-ல். 1938 படக்கதை பிறந்த ஆண்டு. பொருளுக்குத் தன் சொந்தப் பிறந்த நாள்கூட மிஞ்சவில்லை, படத்தின் பிறந்த நாள்தான் மிஞ்சியது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த சான்றுகளில் திசைகாட்டிக்கு அடுத்தபடியாக முக்கியமானதாக நான் கருதுவது இந்த எண்ணைத்தான்.

பக்கத்தில் இடம்பெறாதவை

டெய்சியின் பவர்லைன் 880 என்னும் மாதிரி 1972-ல் வந்தது. பலமுறை அடித்துக் காற்றழுத்தம் ஏற்றிக்கொள்ளும் வகை என்பதால் ரெட் ரைடரைவிட மிகுந்த வேகமுள்ளது. 2001 அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரியின் மீதும் 856-ன் மீதும் வழக்குத் தொடுத்தது. குண்டு ஒன்று உள்ளறையில் சிக்கிக்கொண்டால் துப்பாக்கி காலியாக இருப்பதுபோல் தோன்றும். குலுக்கினால் சத்தம் கேட்காது, சுட்டால் காற்று மட்டும் வரும். பிறகு எப்போதோ அந்தக் குண்டு இடம் நழுவிக் குழலுக்குள் வந்து விழும். காலி என்று நம்பி நண்பனை நோக்கி நீட்டும்போது அது வெளியேறும். குறைந்தது 15 மரணங்களும் 171 கடுமையான காயங்களும் இதனால் நேர்ந்ததாக ஆணையம் குற்றம் சாட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகள் சம்பந்தப்பட்டிருந்தன. 2003-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குறைபாட்டை ஒப்புக்கொள்ளவில்லை; எச்சரிக்கை வாசகங்களைத் திருத்தவும், பாதுகாப்புப் பிரசாரத்துக்கு 15 லட்சம் டாலர் செலவிடவும் சம்மதித்தது.

கண்ணைக் கெடுத்துக்கொள்வாய் என்று படத்தில் அம்மா சொல்லும்போது அரங்கில் சிரிப்பு எழுகிறது. சிறுவன் முதல் முறை சுட்டதும் குண்டு தெறித்துத் திரும்பி வந்து கன்னத்தில் பட்டு, மூக்குக்கண்ணாடி கீழே விழுகிறது. அங்கும் சிரிப்புதான். அந்த அம்மாவின் வார்த்தையைக் கேலிக்குரியதாக ஆக்கிய அளவுக்கு அந்தப் படம் வேறு எதையும் ஆக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அவள் சொன்னது சரி. எஃகுக் குண்டு கெட்டியான பரப்பில் பட்டால் திரும்பி வரும் என்பதையும், அத்தனை சிறிய வேகமும் கண்விழிக்குப் போதும் என்பதையும் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. படத்தில் அந்தச் சிறுவனின் வீடாகக் காட்டப்பட்ட வீடு ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் இருக்கிறது. 2006 முதல் அது பார்வையாளர்களுக்கான அருங்காட்சியகமாக நடக்கிறது. அதே கிளீவ்லாந்தில், 2014 நவம்பர் 22 அன்று, 12 வயதுக் கருப்பினச் சிறுவன் ஒருவன் பூங்காவில் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்தான். யாரோ தகவல் கொடுக்க, காவல் வண்டி புல்வெளியின் மேலேயே ஏறி வந்து நின்றது. நின்ற இரண்டு நொடிகளுக்குள் ஒரு காவலர் அவனைச் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே மாநிலத்தின் பீவர்கிரீக் நகரில், கடை அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கைபேசியில் பேசியபடி நடந்த 22 வயதுக் கருப்பின இளைஞர் கடைக்குள்ளேயே காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியோடு ஊரெல்லாம் சுற்றினோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று பெரியவர்கள் நினைவுகூர்வது உண்மையாக இருக்கலாம். அப்படிச் சுற்ற முடிந்த சிறுவர்கள் யார் என்பது அந்தப் பழைய பின்னட்டைகளைப் பார்த்தாலே தெரியும். நான் பார்த்தவற்றில் புன்னகைக்கும் பையன்கள் எல்லோரும் வெள்ளையர்களே.

கூப்பனின் பின்கதை

அஞ்சல்வழி வாங்கும் உலகம் சிறுவரோடு நின்றுவிடவில்லை. 1963 பிப்ரவரியில் துப்பாக்கிப் பிரியர்களின் இதழ் ஒன்றில் சிக்காகோவின் கிளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் கடை விளம்பரம் கொடுத்திருந்தது. அதிலிருந்த கூப்பனை நறுக்கி, பொய்ப் பெயர் எழுதி, தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைஃபிள் ஒன்றை 19.95 டாலருக்கு லீ ஹார்வி ஆஸ்வால்டு தருவித்தான். அந்த ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி அதே ரைஃபிளால் கொல்லப்பட்டார். 1968-ல் ராபர்ட் கென்னடியும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுடப்பட்ட பின்னர் அதே ஆண்டு இயற்றப்பட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி வாங்குவதைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது. வெடிமருந்து இல்லாத காற்றுத் துப்பாக்கி அச்சட்டத்தின்படி துப்பாக்கியே ஆகாது என்பதால் டெய்சி தப்பியது. ஆனால் விலை அச்சிட்ட ரைஃபிள் படங்களும் ஓரத்தில் கூப்பனும் கொண்ட பக்கங்களின் காலம் அத்தோடு முடிந்தது. இன்று பழைய விளம்பரம் என்று மக்கள் கொண்டாடுவது பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டுக்கு முந்தையவற்றையே.

ஆண்மகனாக்கும் பேச்சு மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தது. புஷ்மாஸ்டர் நிறுவனம் ராணுவ ரைஃபிளை ஒத்த தன் ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளை வாங்குகிறவரின் ஆண்மை அட்டை புதுப்பிக்கப்பட்டதாக விளம்பரம் செய்தது. 2012 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் பயன்படுத்தியது அந்த ரைஃபிளைத்தான். 2005-ன் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கு வழக்குகளிலிருந்து பரந்த பாதுகாப்புத் தந்திருந்தபோதும், விளம்பரத்தைக் காரணமாகக் காட்டி வழக்கு நடத்தலாம் என்று 2019-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில், புஷ்மாஸ்டரின் உரிமையாளராக இருந்த ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்கள் ஒன்பது குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கி விளம்பரத்தின் சொற்களை நீதிமன்றம் எடுத்துப் படித்துப் பார்க்கத் துணிந்த வழக்கு என்பதால் இந்த ஆய்வுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது.

குழந்தைகளுக்கான துப்பாக்கியும் போய்விடவில்லை. பென்சில்வேனியாவின் கீஸ்டோன் நிறுவனம் ‘என் முதல் ரைஃபிள்’ என்னும் வாசகத்தோடு கிரிக்கெட் என்ற .22 துப்பாக்கியை இளஞ்சிவப்பு, நீல நிறங்களில் விற்கிறது. காற்றுத் துப்பாக்கி அல்ல. உண்மையான தோட்டா போடுவது. 2013-ல் கென்டக்கியில் ஐந்து வயதுச் சிறுவன், தனக்குப் பரிசாகக் கிடைத்து வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த அத்தகைய ரைஃபிளால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். அது காலியாக இருப்பதாகப் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். 2022-ல் கலிஃபோர்னியா, சிறுவர்களை ஈர்க்கும் வகையில் துப்பாக்கி விளம்பரம் செய்வதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 2023-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு, அது பேச்சுரிமைக்கு முரணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டது.

பழைய படக்கதைப் புத்தகங்களை வாங்கி விற்பவர்கள் அவற்றைத் தரம் பிரிக்கும்போது பின்னட்டையையும் புரட்டிப் பார்ப்பார்கள். கூப்பன் நறுக்கப்பட்டிருந்தால் விலை பாதாளத்துக்கு இறங்கிவிடும். நல்ல விலைக்குப் போவதும், சட்டத்துக்குள் ஏறுவதும், தகரப் பலகையாக நகலெடுக்கப்படுவதும் கத்திரிக்கோல் படாத பிரதிகளே, அதாவது எந்தச் சிறுவனும் துப்பாக்கி கேட்டு எழுதாத பிரதிகள். நறுக்கிய பிரதியில் மூலை ஓரம் கோணல்மாணலாக ஒரு சதுரம் இருக்காது. அதன் வழியே முந்தைய பக்கத்துப் படக்கதையின் ஒரு துண்டு தெரியும்.